ஆளுக்கு வேலை சுத்தம்

கேள்வி இது: “பிரெஞ்சு க்ரைம் படங்களை இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்களே என்று ‘லெ சமுராய்’ பார்க்க உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. கதையும் பெரிதாக இல்லை. கோட்டு, தொப்பி, சிகரெட், மழை. ஸ்டைலைத் தவிர இதில் அப்படி என்னதான் இருக்கிறது?”

ஸ்டைலைத் தவிர எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எதை ஸ்டைல் என்கிறோம் என்பதில்தான் சிக்கல். நமக்கு ஸ்டைல் என்றதும் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பது நினைவுக்கு வரும். அதைக் குறை சொல்லவில்லை, நானும் விசிலடித்தவன்தான். ஆனால் அது எதிரே கூட்டம் இருக்கிறது என்று தெரிந்து செய்வது. ‘லெ சமுராய்’ படத்தின் நாயகனான கூலிக்கொலையாளி ஜெஃப் கோஸ்தெலோ வெளியே கிளம்புமுன் கண்ணாடி முன் நின்று தொப்பியின் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவுகிறான். அறையில் அவனையும் கூண்டுப் பறவையையும் தவிர யாரும் இல்லை. கடையைத் திறக்குமுன் வாசல் தெளித்துச் சாமி படத்துக்குப் பூ வைக்கிறவர் போல, வேலைக்குப் போகுமுன் செய்தாக வேண்டிய ஒன்றை அவன் செய்கிறான்.

நல்ல கொத்தனாரைப் பற்றியோ தையல்காரரைப் பற்றியோ பேசும்போது ‘ஆளுக்கு வேலை சுத்தம்’ என்போமே, பிரெஞ்சு க்ரைம் படத்தின் ஸ்டைல் என்று நான் புரிந்துகொண்டது அதைத்தான். வேலை என்னவோ கொலையும் கொள்ளையும். ஆனால் கேமரா அந்த மனிதனின் நியாயத்தையோ சின்ன வயது சோகத்தையோ தேடிப் போவதில்லை. அவன் கையைப் பார்க்கிறது.

கார் திருடும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். தெருவில் நிற்கும் ஒரு சித்ரோயன் டிஎஸ் காரில் ஏறி உட்காருகிறான். கையில் பெரிய வளையம் நிறையச் சாவிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். அவசரம் இல்லை. கண் சாவியின் மேல் இல்லை. மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு சாவி பொருந்துகிறது. காரை ஓட்டிக்கொண்டு ஒரு கராஜுக்குப் போகிறான். அங்கே இருப்பவர் நம்பர் பிளேட்டை மாற்றுகிறார், காகிதங்களைக் கொடுக்கிறார், துப்பாக்கியைக் கொடுக்கிறார். பேச்சே இல்லை. இதெல்லாம் எதற்கு, நேராகக் கொலைக்குப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். படத்தின் பின்பகுதியில் அதே வளையம், அதே கராஜ் திரும்ப வருகிறது. இந்த முறை கராஜ்காரர் வாய் திறந்து, இதுதான் கடைசி என்கிறார். அவ்வளவுதான். முதல் முறை அந்த மௌனத்தை முழுதாகப் பார்த்திருப்பதால்தான் இந்த ஒற்றை வரி கல் விழுந்த மாதிரி கேட்கிறது.

போலீஸும் சளைத்ததில்லை. ஜெஃபின் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியை வைக்க இரண்டு போலீஸ்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் கையிலும் அதேபோல ஒரு சாவி வளையம். அவர்களும் ஒவ்வொன்றாகத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். திருடனும் போலீஸும் ஒன்றுதான் என்று யாராவது வசனம் பேசியிருந்தால் நாம் கொட்டாவி விட்டிருப்போம். இங்கே ஒரு பொருள் அதைச் சொல்லிவிட்டுப் போகிறது. அறைக்குள் அன்னியர் வந்துபோனது ஜெஃபுக்கு எப்படித் தெரிகிறது? பறவை படபடக்கிறது, கூண்டில் இறகு உதிர்ந்து கிடக்கிறது. அவன் உடனே தேட ஆரம்பித்துவிடுகிறான்.

முடிவைப் பார்த்துவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கடைசியில், முதலில் கொலை செய்த அந்த இரவு விடுதிக்கு ஜெஃப் மறுபடி வருகிறான். தொப்பியைக் கொடுத்துவைக்கும் இடத்தில் கொடுக்கிறான். அந்தப் பெண் டோக்கனை மேசைமேல் வைக்கிறாள். அவன் அதை எடுத்துக்கொள்ளாமல் உள்ளே போகிறான். திரும்பி வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும், இப்போது நமக்கும் தெரியும்.

இந்தப் படத்தை எடுத்த ழான்-பியேர் மெல்விலின் உண்மைப் பெயர் க்ரூம்பாக். 1917இல் பாரிஸில் பிறந்தவர். ஜெர்மானியர்கள் பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, தனக்குப் பிடித்த அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்விலின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். போர் முடிந்தும் பெயரை விடவில்லை. அமெரிக்கப் பித்து அவருக்குக் கொஞ்சம் அதிகம். பாரிஸ் தெருவில் ஸ்டெட்ஸன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தவர். ஆளைப் பார்த்தால் வேடம் போட்டவர் போலத்தான் இருப்பார். ஆனால் அவர் படங்களின் மௌனம் வேடம் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் 1969இல் அவர் எடுத்த ‘லார்மே தெ ஸோம்ப்ர்’ படத்தைப் பார்க்க வேண்டும். பெயருக்கு நிழல்களின் படை என்று பொருள். க்ரைம் படம் இல்லை, எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றியது. காட்டிக்கொடுத்த ஒரு இளைஞனைக் கொல்ல மூன்று பேர் மார்செய் நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டில் புதிதாக ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். சுட்டால் சத்தம் கேட்கும். கத்தியும் இல்லை. அந்தப் பையன் எதிரிலேயே நிற்க, எதனால் கொல்வது என்று மூவரும் தாழ்ந்த குரலில் கலந்து பேசுகிறார்கள். கடைசியில் ஒரு துண்டு. பொய்ப் பெயர்கள், பூட்டிய அறைகள், யாரை நம்புவது என்ற கேள்வி, வாய் திறந்தால் நண்பன் சாவான் என்ற பயம். மெல்விலின் கொள்ளைக்காரர்கள் நடந்துகொள்வதும் இப்படித்தான். ஒரே பாடத்தை அவர் வேறு உடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்காக அவரை ரொம்பவும் புனிதமாக்கிவிட வேண்டாம். ‘லெ சமுராய்’ தொடக்கத்தில், ஜப்பானியப் போர்வீரர்களான சமுராய்களின் நெறியைச் சொல்லும் ‘புஷிதோ’ நூலிலிருந்து என்று ஒரு மேற்கோள் வருமே, அது அவரே எழுதியது. 1970இல் வந்த ‘லெ செர்க்ல் ரூஜ்’ படத்தின் தொடக்கத்தில் புத்தர் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து ஏதோ சொன்னதாக வரும். அடியில் ராமகிருஷ்ணர் பெயர் இருக்கும். அதுவும் அவர் கைச்சரக்குதான். முதல் முறை பார்த்தபோது ராமகிருஷ்ணர் எங்கே இதைச் சொன்னார் என்று நான் தேடி அலைந்தது தனிக்கதை. ஜெஃபாக நடித்த அலென் டெலோனுக்குத் திரைக்கதையைப் படித்துக்காட்டியதைப் பற்றி மெல்வில் சொன்னதும் அந்த ரகம்தான். ஏழரை நிமிடம் படித்தும் ஒரு வசனம் வரவில்லை என்றதும் டெலோன் கையை உயர்த்தி, நான் நடிக்கிறேன், படத்தின் பெயர் என்ன என்றாராம். ‘சமுராய்’ என்றதும் எழுந்து படுக்கையறைக்கு அழைத்துப்போனாராம். அங்கே சுவரில் ஒரு சமுராய் வாள். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். கதை நன்றாக இருக்கிறது, விட்டுவிடுவோம்.

‘லெ சமுராய்’ படத்தின் சாம்பல் நிறத்தையும் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலரில் எடுப்பது மெல்விலின் ஆசை. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகேயும் அவரும் சேர்ந்து ஜெஃபின் அறையில் நிறத்தையே வடித்து எடுத்துவிட்டார்கள். சுவர், திரை, படுக்கை, பறவை எல்லாமே சாம்பலும் நீலமும்தான். விடியுமுன் அரையிருட்டில் உலகம் இப்படித்தான் தெரியும். அதில் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு கைகள் தோன்றினால் கண் வேறெங்கும் போகாது. (படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1967இல் பாரிஸில் அவருடைய சொந்த ஸ்டூடியோ எரிந்து சாம்பலானது. அந்தப் பறவையும் தீயில் போய்விட்டது.)

கையைப் பார்க்கும் வழக்கத்தை மெல்வில் தொடங்கிவைக்கவில்லை. அதன் உச்சம் என்று நான் நினைப்பது 1955இல் வந்த ‘ரிஃபிஃபி’. எடுத்தவர் ழூல் தசேன். பெயரைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர் மாதிரி இருக்கும், அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று பெயர் கொடுக்கப்பட்டு ஹாலிவுட்டில் வேலை மறுக்கப்பட்டு, சில ஆண்டுகள் சும்மா இருந்து, பாரிஸில் கையில் காசில்லாமல் எடுத்த படம். ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி வீட்டிலிருந்து தரையைத் துளைத்து இறங்குகிறார்கள் நான்கு பேர். கிட்டத்தட்ட அரைமணி நேரம் வசனம் இல்லை, இசையும் இல்லை.

அந்த அரைமணிக்கு முன்னால் நடப்பதைக் கவனியுங்கள். கடையில் இருக்கும் அதே மாதிரி அலாரம் ஒன்றை வாங்கிவந்து வீட்டில் வைத்து ஆராய்கிறார்கள். லேசான அதிர்வுக்கே அலறும் அலாரம். எதைச் செய்தாலும் அலறுகிறது. கடைசியில் தீயணைப்பான் நுரையை உள்ளே பீய்ச்சினால் மணியின் வாய் அடைபடுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் கொள்ளை இரவு. தரையில் முதலில் சின்ன ஓட்டை. அதன் வழியாக மடக்கிய குடையைக் கீழே விட்டு விரிக்கிறார்கள். பெரிய ஓட்டை போடும்போது உதிரும் காரையெல்லாம் குடைக்குள் விழுகிறது, கீழே சத்தம் இல்லை. பெட்டி திறப்பவன் காலில் பாலே ஆடுகிறவர்கள் போடும் மெல்லிய காலணி. அந்த ஆளாக நடித்தவர் தசேனேதான், பெர்லோ விதா என்ற பெயரில். இந்தக் காட்சிக்கு ஜார்ஜ் ஒரிக் இசை எழுதிக் கொண்டுவந்தார். தசேன் இசையோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை போட்டுக் காட்ட, இசை வேண்டாம் என்று ஒரிக்கே சொல்லிவிட்டார். சொந்த வேலையை எடுத்துவிடச் சொன்ன அந்த இசையமைப்பாளருக்கும் வேலை சுத்தம் என்று இருந்திருக்கிறது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் தசேனுக்குச் சிறந்த இயக்குநர் விருதில் பங்கு கிடைத்தது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அரைமணி நேரம் அவர்கள் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த பிறகு, நாம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அவர்கள் நல்லவர்கள் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. கூட வேலை செய்ததால் வந்த ஒட்டுதல் அது. ஆகவே கொள்ளைக்குப் பின் எல்லாம் சரியும்போது வலிக்கிறது. சரிவதும் அலாரத்தாலோ போலீஸாலோ இல்லை; ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிடுகிறான். வேலை சுத்தமாக முடிந்தும் மனுஷன் கெடுத்துவிடுகிறான். இந்த ஊர்ப் படங்களில் விதி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு காட்சி இல்லாமல் இந்தப் பதில் நிறையாது. ழாக் பெக்கர் 1954இல் எடுத்த ‘தூஷே பா ஒ கிரிஸ்பி’. கிரிஸ்பி என்றால் அந்த ஊர் ரவுடிகள் பேச்சில் சுருட்டிய பணம். ‘துட்டுமேல கை வைக்காதே’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். தங்கம் கொள்ளையடித்து ஒளித்துவைத்திருக்கும் மேக்ஸ், வயதான ரவுடி. நடித்தவர் ழான் கபேன். எதிரிகள் தேடுகிறார்கள். கூட்டாளி ரித்தோனை அழைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாத தன் இன்னொரு வீட்டுக்குப் போகிறார். என்ன நடக்கும்? துப்பாக்கியைத் துடைப்பார்கள், திட்டம் போடுவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். மேக்ஸ் அலமாரியைத் திறந்து பிஸ்கோத் எடுக்கிறார், இறைச்சி விழுதைத் தடவிச் சாப்பிடக் கொடுக்கிறார், ஒயின் ஊற்றுகிறார். சாப்பிட்டு முடித்ததும் நண்பனுக்கு ஒரு பைஜாமா, துண்டு, பல் துலக்கப் பிரஷ். இருவரும் தனித்தனியாகப் போய்ப் பல் துலக்குகிறார்கள். ரித்தோன் கண்ணாடியில் தன் முகத்துச் சுருக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான் காட்சி. ஐம்பதை நெருங்கிய இரண்டு ஆண்களின் சிநேகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது. இதே படத்தில்தான் மல்யுத்த வீரராக இருந்த லினோ வெந்தூரா முதன்முதலில் நடித்தார். பிறகு இந்த வகைப் படங்களின் தூணாகவே ஆகிவிட்டார்.

பிரான்சில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால், கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். ஆக்கிரமிப்புக் காலத்தில் அமெரிக்கப் படங்களுக்கு அங்கே வழியில்லை. போர் முடிந்ததும் 1946இல் அவை மொத்தமாக வந்து இறங்கின. இருட்டும் துரோகமும் நிறைந்த அந்தக் க்ரைம் படங்களுக்கு ‘நுவார்’ (கறுப்பு) என்று பெயர் வைத்ததே பிரெஞ்சு விமர்சகர்கள்தான். அதற்கு முந்தைய ஆண்டு கலிமார் பதிப்பகம் மார்செல் துஅமேல் பொறுப்பில் ‘செரி நுவார்’ என்ற க்ரைம் நாவல் வரிசையைத் தொடங்கியிருந்தது. முதல் மூன்று நாவல்களில் ஒன்று ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் எழுதியது. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் அவரைத் தேடித் தேடிப் படித்தவர்கள் இங்கேயும் ஒரு தலைமுறை உண்டு. சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்களே அந்த வரிசையில் எழுத ஆரம்பித்தார்கள். ‘கிரிஸ்பி’, ‘ரிஃபிஃபி’ இரண்டும் அப்படி வந்த நாவல்கள்தான். எழுதியவர்களுக்குத் தெரு பாஷை அத்துப்படி. ‘ரிஃபிஃபி’ என்றால் அடிதடி. மெல்விலின் ஒரு படத்துக்கு ‘லெ தூலோஸ்’ என்று பெயர்; தூலோஸ் என்றால் தொப்பி, அந்த உலகத்தின் பேச்சில் போலீஸுக்கு உளவு சொல்கிறவன். தொப்பி இவ்வளவு முக்கியமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

அமெரிக்காவிடம் கடன் வாங்கி, தன் ஊர்ச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார்கள் என்பதே சுருக்கம். லூயி மால் தன் 25 வயதில் எடுத்த ‘தூக்குமேடைக்கு லிஃப்ட்’ இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1957 டிசம்பரில் பாரிஸுக்கு வந்திருந்தபோது ஒரே இரவில், திரையில் ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டே ட்ரம்பெட் வாசித்துக் கொடுத்தார். நாயகி ழான் மொரோ மேக்கப் இல்லாமல் ஷான்ஸெலிஸே சாலையில் கடைவிளக்கு வெளிச்சத்தில் நடப்பதை ஆன்ரி தெகே குழந்தைத் தள்ளுவண்டியில் கேமராவை வைத்துப் பின்தொடர்ந்து எடுத்தார். கதை சுமார்தான். அந்த நடையும் ட்ரம்பெட்டும் போதும்.

குறை இல்லையா? இருக்கிறது. பெண்களுக்கு இந்த உலகத்தில் இடமே இல்லை. காத்திருப்பார்கள், காட்டிக்கொடுப்பார்கள், அடி வாங்குவார்கள். ‘ரிஃபிஃபி’ நாயகன் பழைய காதலியை பெல்டால் அடிக்கும் காட்சியை இன்று நெளியாமல் பார்க்க முடியாது. வேலை சுத்தம் என்பதே சில சமயம் வெறும் பாவனையாகிவிடும்; கோட்டு மட்டும் நடக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டான். மெல்விலின் கடைசிப் படம் ‘உன் ஃப்லிக்’கில் ஓடும் ரயிலில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கித் திருடும் காட்சி வருகிறது. ரயில் பொம்மை என்று குழந்தைக்கும் தெரியும். அதற்கப்புறம் டெலோன் கழிவறைக்குள் உடை மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பிவிடுவேன். உண்மையில் அது வேறொரு நடிகர், ரிச்சர்ட் க்ரென்னா. எல்லோரும் ஒரே மாதிரி கோட்டில் ஒரே மாதிரி விறைப்பாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

புதிய படங்கள் இந்தக் குறையை எதிர்கொள்ளவே செய்கின்றன. 2022இல் தொமினிக் மோல் எடுத்த ‘பன்னிரண்டாம் தேதி இரவு’ ஒரு இளம்பெண்ணின் கொலையைப் பற்றியது. கொலையாளி பிடிபட மாட்டான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். விசாரிக்கும் ஆண்கள் கேட்கும் கேள்விகளில் என்ன கோளாறு என்பதுதான் படம். இரவில் சைக்கிள் பந்தயப் பாதையில் தனியாகச் சுற்றிச் சுற்றி வரும் அந்த அதிகாரியைப் பார்த்தபோது, ஜெஃபின் தூரத்துச் சொந்தக்காரர் என்றே தோன்றியது.

நம் பக்கமும் இந்தச் சரக்கு வந்திருக்கிறது. கமல்ஹாசனின் ‘தூங்காவனம்’, விக்ரமின் ‘கடாரம் கொண்டான்’ இரண்டும் பிரெஞ்சு த்ரில்லர்களின் மறுஆக்கங்கள். இரண்டையும் இயக்கியவர் ராஜேஷ் எம். செல்வா. இரண்டாவதன் மூலத்தை எடுத்தவர் ஃப்ரெத் கவாயே. ஒன்றரை மணிக்கும் குறைவாக ஓடும் அந்தப் படம், மனைவியைக் கடத்திவிட்டதால் ஓட ஆரம்பிக்கும் ஒரு சாதாரண ஆஸ்பத்திரி ஊழியனின் கதை. தமிழில் கடாரம் கொண்டான் என்று பெயர் வைத்தபோதே எடை நட்சத்திரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல் துலக்கும் காட்சிக்கு அங்கே இடம் கிடையாது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ‘லெ சமுராய்’ முதல் படமாகப் பார்க்கக் கூடியது அல்ல. உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ‘ரிஃபிஃபி’ பாருங்கள். அடுத்து பெக்கரின் கடைசிப் படம் ‘லெ த்ரூ’. 1947இல் பாரிஸ் சாந்தே சிறையில் நடந்த உண்மையான தப்பும் முயற்சி. அதில் இருந்த ஒருவரே நடித்திருக்கிறார், படத்தின் தொடக்கத்தில் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். சிறை அறையின் தரையை அவர்கள் இரும்புத் துண்டால் உடைக்கும்போது கேமரா வெட்டாமல், நகராமல், நிமிடக்கணக்கில் அந்தச் சிமெண்டையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் கீறல், பிறகு பொடி, பிறகு கல். நமக்குத் தோள் வலிக்கும். அப்புறம் ‘கிரிஸ்பி’, அதற்கப்புறம் மறுபடி ‘லெ சமுராய்’. இந்த முறை அந்தச் சாவி வளையத்தில் எத்தனையாவது சாவி பொருந்துகிறது என்று நீங்களே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.